கொதிக்க வைக்கச் சொன்னவர்

அனந்தமதி மேடம் இறந்துபோன செய்தி எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. காலை ஏழேகால் மணி. தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலில் நின்றிருந்தார். காலி கேனை எடுத்துக் கொடுத்துவிட்டு போனைப் பார்த்தேன். "அக்கா இன்று விடியற்காலை மாரடைப்பால் காலமானார்" என்று அவருடைய தம்பி தரணேந்திரன் போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எரியும் விளக்கின் படம் ஒன்று. அதற்கும் கீழே, அந்நாளில் எங்களுக்கு அதிகாரியாக இருந்தவர் எழுதியிருந்தார்: "நேர்மையின் மறு உருவம். துறைக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு."

அதை இரண்டு முறை படித்தேன். மேடத்துக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து வெளியூருக்கு மாற்றியவர் அவர்தான். அந்தக் குறிப்பாணையைத் தட்டச்சு செய்தவன் நான். நானும் குழுவில் இரண்டு கைகளைக் கூப்பிவிட்டு போனை வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அவரை அன்பானவர் என்றார்கள், அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவர் அப்படி இல்லை. வெடுக்கென்று பேசுவார். பண்டிகைக்கு இனிப்பு நீட்டினால் வாங்கிக்கொள்வார், வாழ்த்துச் சொல்லத் தோன்றாது. சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம் என்பதால் ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம் உட்காரமாட்டார். ஆனால் ஏதாவது தெருவில் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்றால், மூன்றரைக்கு அந்தக் குழாயடியில் நிற்பார்.

இந்த ஊரில் அப்போது இருந்த ஒரு சின்னக் குடிநீர் ஆய்வகத்தில் அவர் வேதியியலாளர், நான் எழுத்தர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு அறிக்கையை அடித்து அவர் மேஜையில் வைத்தேன். ஒரு பள்ளிக்கூடக் குழாயில் எடுத்த தண்ணீர். "குளோரின் இல்லை" என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படியே போட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்று "குளோரின் குறைவு" என்று அடித்திருந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இல்லன்னா இல்லன்னு அடிங்க பாஸ்கர். கம்மின்னா கொஞ்சம் இருக்குன்னு அர்த்தம். குடிக்கறவங்க அந்தக் கொஞ்சத்த நம்பித்தான் குடிப்பாங்க."

திரும்பப் போய் அடித்துக் கொண்டுவந்தேன். அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்துக் குடிக்கிற வீடு. அலுவலகத்துக்கும் எவர்சில்வர் பாட்டிலில் தன் தண்ணீரைக் கொண்டுவருவார். வெளியில் எங்கேயும் ஒரு வாய் குடித்து நான் பார்த்ததில்லை. இதை வைத்து நாம் எத்தனை கேலி செய்திருக்கிறோம். "நம்ம கை பட்டா மேடத்துக்கு ஆகாது" என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் சொன்னபோது நானும் சிரித்தேன். அது அவர் காதில் விழுந்தது. மறுநாள் அலுவலகத்துக் குடிநீர்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துச் சோதனை செய்து, முடிவைத் தன் கையெழுத்தில் எழுதி, பானைக்கு மேலே சுவரில் ஒட்டினார். "குடிக்க உகந்ததல்ல." இரண்டு நாள் கழித்து யாரோ அதைக் கிழித்துப் போட்டார்கள். பானையை யாரும் கழுவவில்லை.

ஒருமுறை அவரோடு ஒரு மேல்நிலைத் தொட்டிக்குப் போயிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் போனோம். தொட்டியிலிருந்து வருகிற முதல் குழாயில் தண்ணீர் பிடித்து, அதில் மருந்துச் சொட்டு விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஓடிவந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நீங்க வர்றீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்போமே மேடம்."

மேடம் அந்த வாக்கியத்தை அப்படியே, மேற்கோள் குறிக்குள், அறிக்கையில் எழுதினார். அதிகாரி அதை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு எனக்கு அனுப்பினார். மிச்சத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் பாதிப் பேருக்குப் பாதி தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன், ஐப்பசி மாதம், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து தண்ணீரில் நாற்றம் வருகிறது என்று சொல்லிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். தெருவின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் அதே ஜனங்கள்தான் இருக்கிறார்கள். மேடம் மறுநாள் விடியற்காலை போய் மூன்று வீடுகளில் தண்ணீர் எடுத்தார். குழாய் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திச் சுட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் பிடிப்பார். கழிவு கலந்த தண்ணீராக இருந்தால் மருந்து போட்ட சின்னச் சோதனைக் குப்பிக்குள் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ கறுத்துப்போகும். அன்று சாயங்காலமே மூன்றும் கறுத்துவிட்டன. அடுத்து முறையான சோதனையும் செய்தார். அதுவும் அதையே சொன்னது.

எங்கிருந்து கலக்கிறது என்பதையும் அவரே நடந்து கண்டுபிடித்தார். தெருமுனையில் புதிதாக எழும்பியிருந்த ஒரு லாட்ஜ், தன் கழிவுநீரைத் தெருச் சாக்கடையில் திறந்துவிட்டிருந்தது. அந்தச் சாக்கடைக்குள்ளேதான் பழைய குடிநீர்க் குழாய் ஓடியது. குழாயில் இணைப்புக்கு இணைப்பு ஓட்டை. நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார்கள்.

அந்தத் தெருவில் அவர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன். ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"நாலு நாளைக்கு ஒருக்கா வர தண்ணி. மோட்டார் போடலன்னா எனக்கு ஒரு கொடம் கூட வராது. நீங்க வந்து குடுப்பீங்களா?"

"மோட்டார் தண்ணிய மட்டும் இழுக்காதுங்க. குழாயச் சுத்தி நிக்கற சாக்கடையையும் சேத்து இழுக்கும். அதத்தான் நீங்க தொட்டியில புடிச்சு வைக்கறீங்க."

"எதிர் வீட்டுக்காரன் எடுக்கட்டும், நான் எடுக்கறேன்."

எதிர் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். கடைசியில் மேடம் மோட்டாரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, "கொதிக்க வச்சுக் குடிங்க. தளதளன்னு கொதிக்கணும். சுட வச்சா மட்டும் போதாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார். சிலர் தலையாட்டினார்கள். கடைசி வீட்டில் சரோஜா என்கிற அம்மா மட்டும்தான் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கேட்டார். அவர் மகள் ரேவதி தலைப்பிரசவத்துக்காக, கீழ்பென்னாத்தூரில் புகுந்த வீட்டில் வளைகாப்பு முடிந்து, முந்தின வாரம்தான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஆறின தண்ணியே புடிக்காது மேடம், குழாயில புடிச்சாத்தான் ருசி" என்றாள். மேடம் சிரிக்கவில்லை. "உனக்குப் புடிக்குதோ இல்லையோ, இன்னும் மூணு மாசத்துக்கு அதத்தான் குடிக்கணும்" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை ஒரு பக்கம். தண்ணீர் குடிக்க உகந்ததல்ல, விநியோகத்தை உடனே நிறுத்த வேண்டும், லாட்ஜின் கழிவு இணைப்பை அடைக்க வேண்டும், தெருவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதிகாரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

"தீபம் வருது மேடம். ஊரே நெரியப் போவுது. இப்பப் போயி தண்ணி சரியில்லன்னு நோட்டீஸ் ஒட்டுனா என்ன ஆவும்னு யோசிச்சீங்களா? தீபம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"தீபம் முடியற வரைக்கும் அவங்க என்னத்தக் குடிப்பாங்க சார்?"

"குளோரினக் கொஞ்சம் ஜாஸ்தி போடச் சொல்றேன்."

"ஓட்டைக் குழாய்க்கு அது போதாது."

"தண்ணி சரியாத்தான் இருக்குன்னு மாத்தி எழுதிக் கையெழுத்து போடறீங்களா, இல்லையா?"

"நான் எழுதினதுக்குப் போடறேன்."

மேடம் கையெழுத்துப் போடவில்லை. தேவையும் இருக்கவில்லை. "அலுவலகச் சுருக்கக் குறிப்பு" என்று ஒன்று தயாரானது. அதற்கு வேதியியலாளரின் கையெழுத்து வேண்டாம். "குறிப்பிட்ட பகுதியில் குடிநீர் குளோரின் கலந்து பாதுகாப்பாக வழங்கப்பட்டு வருகிறது. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை." அதிகாரி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "பாதுகாப்பாக" என்ற சொல்லில் விரல் ஒரு கணம் நின்றது என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். நிற்கவில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அந்தக் கோப்பு அதிகாரி மேஜையில் இருந்தது. அந்தக் காகிதத்தைப் பிரதி எடுத்துத் தெருவின் இரண்டு முனைகளிலும் ஒட்டினார்கள்.

தீபம் நன்றாக நடந்தது. லாட்ஜ் நிரம்பி வழிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தத் தெருவில் ஒவ்வொருவராகக் கண் மஞ்சளித்தார்கள். முதலில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்கள். பத்தியம் இருந்தார்கள். பலருக்குத் தானாகவே சரியாயிற்று. இந்தக் காமாலை பெரும்பாலானவர்களை விட்டுவிடும், கர்ப்பிணிகளை விடாது என்று மேடம் பின்னால் எனக்குச் சொன்னார். ரேவதியை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மார்கழியில் அவளும் வயிற்றிலிருந்த குழந்தையும் இறந்தார்கள்.

மேடம் அந்த வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் நேராக என் மேஜைக்கு வந்தார். அவர் என் எதிரே உட்கார்ந்தது அது ஒரு தடவைதான்.

"அந்தம்மா கொதிக்க வச்சுத்தான் குடுத்திருக்காங்க பாஸ்கர். ரெண்டு வாரம். அப்பறம் காகிதம் ஒட்டுனாங்களே, நல்ல தண்ணின்னு. அதப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. பொண்ணுக்கு ஆறின தண்ணி புடிக்கலையாம். கவர்மென்ட்டே சொல்லிட்டாங்களேன்னு குழாய்த் தண்ணியே குடுத்தேன் மேடம்னு சொல்றாங்க."

சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விசாரணை என்று ஒன்று வந்தபோது, யாராவது ஒருவர் தவறு செய்திருக்க வேண்டியிருந்தது. மேடம் எழுதிய ஒரு பக்க அறிக்கை கோப்பிலேயே இருந்ததால் அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே அது தவறான அறிக்கை ஆயிற்று. சுத்தம் செய்யாத குப்பிகளில் மாதிரி எடுத்ததாகவும், ஆதாரமில்லாத முடிவை வெளியே சொல்லிப் பொதுமக்களிடையே பீதி கிளப்பியதாகவும் குறிப்பாணை தயாரானது. அதையும் நான்தான் அடித்தேன். அவர் எழுதிய விளக்கத்தில் இரண்டே வரி. "குப்பிகள் சுத்தமாக இருந்தன. தண்ணீர் சுத்தமாக இல்லை." பொங்கலுக்கு முன்பே அவரை மாற்றிவிட்டார்கள். வழியனுப்பு விழா எதுவும் இல்லை. தன் மேஜையைத் தானே துடைத்துவிட்டு, எவர்சில்வர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனார்.

அந்தத் தெருவில் பிறகு புதுக் குழாய் போட்டார்கள். லாட்ஜ் முதலாளி தெருமுனையில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தந்தார். அவருடைய அப்பா பெயர் பொறித்த கல் அதன் நெற்றியில் இருக்கிறது. திறப்பு விழாவில் தெரு ஜனங்கள் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். மோட்டாரை எடுக்க மறுத்தவர்தான் வரவேற்புரை. நான் அங்கே போயிருந்தேன். எனக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

மேடம் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி வந்ததும் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் எனக்கு வேலை நிரந்தரமாகி, பதவி உயர்வும் கிடைத்திருந்தது. கொல்லைப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, யார் தண்ணீர் கொண்டுவந்தாலும் சோதனை செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் கொஞ்சம்தான். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் வருவார்கள் என்றார். நான் வெகுநேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டேன்.

அவர் கையிலிருந்த குப்பியைத் தாங்கியில் வைத்தார்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? எனக்கு மெமோ வந்தது, டிரான்ஸ்ஃபர் வந்தது, அவ்வளவுதான். நீங்க அடிச்ச காகிதம் எங்கிட்ட வரல. அந்தம்மா வீட்டு வாசலுக்குப் போச்சு. அவங்க கிட்ட போங்க."

"எப்பிடி மேடம் போறது? என்ன சொல்றது?"

"நாந்தான் அடிச்சேன்னு சொல்லுங்க. வேற என்ன சொல்லுவீங்க?"

போகிறேன் என்று சொன்னேன். போகவில்லை. அதற்குப் பிறகு கடைத்தெருவில் இரண்டு மூன்று முறை அவரைப் பார்த்தேன். போனீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

மேடம் இறந்த அன்று அவர் வீட்டில், வந்தவர்கள் குடிக்க வேண்டும் என்று தரணேந்திரன் பெரிய அண்டாவில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வாசலில் வைத்திருந்தார். அலுவலகத்துக்காரர்கள் யாரோ கடையிலிருந்து பாட்டில்களை வாங்கிவந்து எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். அண்டாவைச் சீண்டுவார் இல்லை. அதிகாரி ரோஜா மாலையோடு வந்தார். அவர் கையிலும் ஒரு பாட்டில் இருந்தது.

போன வாரம் அந்தத் தெருவுக்குப் போனேன். சரோஜாம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொன்னேன். மேடம் தவறிவிட்டது அவருக்குத் தெரிந்திருந்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அந்தக் காகிதத்தை அடித்தது நான், அதில் இருப்பது பொய் என்று தெரிந்தேதான் அடித்தேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திட்டவில்லை, அழவும் இல்லை.

"ரிப்போர்ட்ட மாத்திட்டாங்கன்னு ரேவதி போனப்பவே மேடம் வந்து சொல்லிட்டாங்க சார். யாரு மாத்துனதுன்னு கேட்டேன். அதிகாரி பேரச் சொன்னாங்க. யாரு அடிச்சதுன்னு கேட்டேன். அத மட்டும் சொல்லல. 'அவரே வந்து சொல்லுவாரும்மா'ன்னாங்க."

நான் தலையை நிமிர்த்தினேன்.

"ரேவதி திதிக்கு வருஷம் தவறாம வருவாங்க. வந்து உக்காந்ததும் மொதல்ல கேக்கறது அதுதான், 'வந்தாரா?'ன்னு. இல்ல மேடம்னு சொல்லுவேன். 'வருவாரு'ன்னுட்டுக் கெளம்பிடுவாங்க. இந்த வருஷமும் வந்தாங்க."

"இந்த வருஷமும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

அவரை நினைவில் வைத்துக்கொள்ள உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். அவர் எனக்காக வருஷா வருஷம் அந்த வீட்டில் கேட்ட ஒற்றைச் சொல்தான் என்னிடம் இருக்கிறது. போன மார்கழியிலும் அதற்கு இல்லை என்றே பதில் வாங்கிக்கொண்டு அவர் அந்தத் தெருவில் நடந்து போயிருக்கிறார்.